கரும்பலகை தெரியாத மாணவர்

மயில்துத்தத்தைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினால் நீலம் போய் வெள்ளைப் பொடியாகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பிவிடும். முப்பது வருடம் வகுப்பில் இதைச் செய்துகாட்டியிருக்கிறேன். அதிலுள்ள செம்பு அயனியை நீர் மூலக்கூறுகள் சூழும்போது, ஒரே ஆற்றலில் இருந்த அதன் ஐந்து டி ஆர்பிட்டால்களும் பிரிந்துபோகின்றன. நிறம் அந்தப் பிரிவிலிருந்து வருகிறது. இதைக் கணக்கிடும் ஈனிப்புலக் கொள்கையைப் படிக்கப்போய்த்தான் சீன வேதியியலாளர் தாங் ஆவ்சிங் எனக்கு அறிமுகமானார்.

1915இல் யிசிங்கில் பிறந்தவர். ஜப்பானியப் படையெடுப்பால் பீக்கிங் பல்கலைக்கழகம் இடம்பெயர, குன்மிங்கில் படிப்பை முடித்தார். கடுமையான கிட்டப்பார்வை, கரும்பலகை எழுத்து தெரியாது. காதால் கேட்டு மனதில் வாங்கிக்கொள்வதே அவர் படித்த விதம். பிற்காலத்தில் அவரே பாடம் நடத்தியபோது கையில் குறிப்பு இருக்காது; நீளமான சமன்பாடுகளெல்லாம் நினைவிலிருந்தே பலகைக்கு வரும்.

1949இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். மறுவருடமே ஊர் திரும்பி பீக்கிங்கில் ஆசிரியர். 1952இல் அந்த நல்ல இடத்தை விட்டு, குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும் சாங்சுனுக்குப் போனார். அங்கே, பின்னாளில் ஜிலின் என்று பெயர் பெற்ற பல்கலைக்கழகத்தில், வேதியியல் துறையைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. சாய் லியூஷெங் போன்ற மூத்த வேதியியலாளர்களும் உடன் சேர்ந்தார்கள்.

1963 முதல் 1965 வரை அவர் நடத்திய கருத்தரங்கு வகுப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பல ஊர்களிலிருந்து வந்த இளம் ஆசிரியர்களை உட்காரவைத்து, ஈனிப்புலக் கொள்கையை அவர்களோடு சேர்ந்தே வளர்த்தார். பாடம் கேட்க வந்தவர்கள் ஆய்வாளர்களாகத் திரும்பினார்கள். அந்த வேலைக்கு 1982இல் தேசிய இயற்கை அறிவியல் முதல் பரிசு கிடைத்தது, பரிசு குழுவுக்கே.

1978இல் ஜிலின் பல்கலைக்கழகத் தலைவரானார். 1986இல் சீனாவின் தேசிய இயற்கை அறிவியல் நிதியம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். 1991 வரை இருந்தார். அதற்குமுன் ஆய்வுப் பணம் பெரும்பாலும் மேலிருந்து நிறுவனங்களுக்கு ஒதுக்கப்படும். நிதியத்தில் ஆய்வாளரே விண்ணப்பிக்கலாம். அதே துறை அறிந்தவர்கள் படித்துத் தரம் சொல்வார்கள். பீக்கிங்கிலிருந்து போனாலும் சாங்சுனிலிருந்து போனாலும், விண்ணப்பம் அதே மேசைக்குத்தான் வந்தது.