வைப்பு நிதியும் ஓய்வூதியமும்: 2016 பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர் போராட்டத்தை முன்வைத்து

முன்னுரை

குறைந்த ஊதியத் தொழிலாளர் தம் சேமிப்பை முதுமைவரை விட்டுவைப்பதில்லை என்பது பரவலான குற்றச்சாட்டு. அதனைத் தொலைநோக்கின்மை எனக் கொள்வது தகுமா என்பதை, 2016 ஏப்ரலில் பெங்களூருவில் நிகழ்ந்த போராட்டத்தின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டப் பின்புலம்

1952ஆம் ஆண்டின் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் முதலில் ஆறு தொழில்களுக்கே பொருந்தியது. அன்று தொழிலாளியின் பங்கு 6.25 விழுக்காடு; அதாவது ரூபாய்க்கு ஓர் அணா. இத்திட்டம் அடிப்படையில் மொத்தத் தொகையாகப் பெறும் சேமிப்பு. மாத ஓய்வூதியம் 1995ஆம் ஆண்டுத் திட்டத்தின்வழியே வந்தது. முதலாளி செலுத்தும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு அதற்குத் திருப்பப்பட்டது. அதனைப் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். முழு ஓய்வூதியத்திற்கான வயது 58.

அறிவிக்கையும் எதிர்ப்பும்

வேலையிழந்து இரண்டு மாதம் கழிந்தால் வைப்பு நிதி முழுவதையும் பெறலாம் என்பதே அன்றைய வழக்கமாக இருந்தது. 2016 பிப்ரவரியில் வெளியான அறிவிக்கை, முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்கவியலாது என்றது. ஏப்ரல் 18 அன்று ஆயத்த ஆடைத் தொழிலாளர், பெரும்பான்மையும் பெண்கள், ஓசூர் சாலையில் திரண்டு போக்குவரத்தை மறித்தனர். இப்போராட்டம் தொழிற்சங்கத் தலைமையின்றித் தொடங்கியது குறிப்பிடத்தக்கது. மறுநாளே அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது.

தொழிலாளரின் கணக்கு

ஓய்வூதியச் சூத்திரம், ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பது. ரூ.7,000 ஊதியத்தில் பத்தாண்டு உழைத்தவருக்கு மாதம் ரூ.1,000 கிடைக்கும். முப்பத்தைந்தாம் வயதில் வேலையை விட்ட பெண் அதனை முழுமையாகப் பெற மேலும் 23 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். விலைவாசிக்கேற்ப அது தானாக உயர்வதுமில்லை. மாறாக, கையில் வரும் வைப்பு நிதி பிள்ளைகளின் படிப்புக்கும் கடனை அடைக்கவும் உதவும். குடும்ப வருவாய் முழுவதும் அன்றாடச் செலவில் கரையும் நிலையில், தன் பெயரில் சேரும் பெருந்தொகை பலருக்கு அது ஒன்றே.

முடிவுரை

ஆகவே, அத்தொழிலாளர் எதிர்த்தது சேமிப்பை அன்று. தம் சேமிப்பின்மீது தமக்கிருந்த உரிமை பறிபோவதையே எதிர்த்தனர். எனினும், எடுத்த தொகை செலவானபின் முதுமைக்கு எஞ்சுவது சொற்பமே. அக்குறையைப் பணத்தை முடக்குவதால் மட்டும் தீர்க்கவியலாது. ஊதியமும் ஓய்வூதியமும் உயர்ந்தாலன்றிக் காத்திருத்தல் அவர்களுக்குப் பொருளுடையதாகாது.