அருமண் டைட்டனேட்டுகளில் தாழ்வெப்பக் காந்த ஒழுங்கு

அருமண் டைட்டனேட்டுகள், பைரோகுளோர் கனிமத்தின் படிக அமைப்பைக் கொண்ட ஆக்சைடுகள். இவற்றின் டைட்டேனியம் அயனிக்குக் காந்தத் திருப்புத்திறன் இல்லை. காந்தத்தன்மை முழுவதும் அருமண் அயனிகளிடமிருந்தே வருகிறது. அந்த அயனிகள், மூலைக்கு மூலை இணைந்த நான்முகிகளின் உச்சிகளில் உள்ளன. அண்டை அயனிகளின் திருப்புத்திறன்கள் எதிரெதிராக நிற்க முனைந்தால், ஒரு நான்முகியில் எல்லா இணைகளுக்கும் ஒரே நேரத்தில் அது கைகூடாது. இதுவே வடிவியல் இக்கட்டு. சம ஆற்றல் கொண்ட நிலைகள் பெருகிவிடுவதால் காந்த ஒழுங்கு மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்குத் தள்ளிப்போகிறது, அல்லது தோன்றாமலே போகிறது. முடிவைத் தீர்மானிப்பவை, சாதாரணக் காந்தப் பொருள்களில் யாரும் பொருட்படுத்தாத மிகச் சிறிய விளைவுகள்.

இதற்கு மிகச் சிறந்த சான்று எர்பியம் டைட்டனேட். இதில் ஒவ்வொரு திருப்புத்திறனும் தன் நான்முகியின் மையத்தை நோக்கிய அச்சுக்குச் செங்குத்தான தளத்தில் கிடக்கிறது. அத்தளத்தில் எல்லாத் திருப்புத்திறன்களும் சேர்ந்து எந்தக் கோணத்துக்குத் திரும்பினாலும், தொன்மை இயற்பியல் கணக்கில் ஆற்றல் மாறுவதில்லை. ஆயினும் 1.2 கெல்வின் அளவில் படிகம் குறிப்பிட்ட ஆறு திசைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. அலைவுகளுக்கு மிகுந்த இடம் தரும் நிலையே வெல்லும் என்பது 1980இல் ழாக் வில்லானும் உடனுழைத்தோரும் முன்வைத்த கருத்து. ஒழுங்கின்மையே ஒழுங்கை விளைவிக்கிறது என்பது இதன் சாரம். 2012இல் லூசில் சாவரி, லியான் பாலென்ட்ஸ் உள்ளிட்டோர், நியூட்ரான் சிதறலில் அளந்த இடைவினை மதிப்புகளைக் கொண்டு இதை எர்பியம் டைட்டனேட்டுக்குப் பொருத்திக் காட்டினர். இக்கருத்து எதிர்பார்க்கும் ஆற்றல் இடைவெளி, ஏறத்தாழ 0.05 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவில், 2014இல் அளக்கப்பட்டது. உயர் படிகப்புல நிலைகளின் கலப்பும் இத்தகைய இடைவெளியைத் தரக்கூடும். ஆகவே இடைவெளியை மட்டும் இறுதிச் சான்றாகக் கொள்வது சரியன்று.

காடோலினியம் டைட்டனேட் ஏறத்தாழ 1 கெல்வினிலும், அதற்குச் சற்றுக் கீழேயும் இருமுறை நிலைமாறுகிறது. ஹோல்மியம், டிஸ்ப்ரோசியம் டைட்டனேட்டுகளில் ஒவ்வொரு நான்முகியிலும் இரு திருப்புத்திறன்கள் உள்நோக்கியும் இரண்டு வெளிநோக்கியும் நிற்கின்றன. விதி இவ்வளவே, நெடுந்தூர ஒழுங்கு இல்லை. பனிக்கட்டியின் ஹைட்ரஜன் அமைவிலும் இதே விதி உண்டு. அதன் எஞ்சிய என்ட்ரோப்பிக்கு 1935இல் லைனஸ் பாலிங் கணித்த மதிப்பை ஒட்டியே, 1999இல் ஆர்தர் ராமிரெஸ் குழுவினரின் டிஸ்ப்ரோசியம் டைட்டனேட் அளவீடும் அமைந்தது. ‘தற்சுழற்சிப் பனி’ என இவை அழைக்கப்படுவதற்குப் பனிக்கட்டியோடு உள்ள இந்த விதி ஒற்றுமையே காரணம்.

டெர்பியம் டைட்டனேட் இன்னும் பிடிகொடுக்கவில்லை. 1999இல் 0.07 கெல்வின் வரை குளிர்வித்துப் பார்த்தும் நெடுந்தூரக் காந்த ஒழுங்கு காணப்படவில்லை. டெர்பியத்தின் விகிதம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக மாறினாலே வெப்ப ஏற்பு வேறாகிவிடுகிறது. எனவே படிகம் எப்படி வளர்க்கப்பட்டது என்பதை அறியாமல் இதன் அளவீடுகளை ஒப்பிட முடியாது.