1948 ஜனநாயகக் கட்சி மாநாடு

அமெரிக்க ஜனநாயகக் கட்சி 1948 ஜூலையில் பிலடெல்பியா நகரில் கூட்டிய தேசிய மாநாடு. அதிபர் ஹாரி ட்ரூமன் இதில் வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். ஆயினும் மாநாடு இன்று பேசப்படுவது அதன் தேர்தல் கொள்கை அறிக்கைக்காகவே. தென் மாநிலங்களைப் பகைக்க அஞ்சிய அறிக்கைக் குழு, கறுப்பின மக்களின் உரிமை பற்றி மழுப்பலான வாசகத்தையே முன்வைத்தது. மினியாபொலிஸ் மேயர் ஹ்யூபர்ட் ஹம்ப்ரி, அப்போது வயது 37, அதை எதிர்த்து மேடையேறினார். வாக்குரிமை, வேலையில் சம வாய்ப்பு, உயிர்ப் பாதுகாப்பு, படையில் சமநடத்தை ஆகிய நான்கையும் வெளிப்படையாகக் கோரும் திருத்தத்தை ஆதரித்து அவர் ஆற்றிய உரை, அமெரிக்க மாநாட்டு உரைகளில் தலைசிறந்தவற்றுள் ஒன்று. திருத்தம் 651½க்கு 582½ என்ற வாக்குகளில் நிறைவேறியது. மிசிசிப்பி பிரதிநிதிகள் அனைவரும், அலபாமாவினரில் பாதிப்பேரும் வெளிநடப்புச் செய்தனர். பிரிந்தவர்கள் ஸ்ட்ராம் தர்மண்டைத் தனி வேட்பாளராக நிறுத்தினர். அவர் 4 மாநிலங்களை வென்றார். ட்ரூமன் ஜூலை 26 அன்றே படையில் சமநடத்தைக்கு ஆணையிட்டார். தோல்வியே உறுதி என்ற பரவலான கணிப்பைப் பொய்யாக்கி, நவம்பர் தேர்தலிலும் வென்றார்.