சரக்குக் கூலியும் தீர்ப்பாயத்தின் எல்லையும்

திண்டுக்கல்லுக்கு இரயில் வந்தது 1875இல். புகையிலைக்கும் பூட்டுக்கும் தோலுக்கும் பெயர்பெற்ற இவ்வூர் வணிகருக்குச் சரக்குக் கூலி சிறிய செய்தியன்று. கூலி நியாயமற்றதெனில் எவரிடம் முறையிடுவது?

1921இல் ஆக்வொர்த் குழு, கட்டண வழக்குகளுக்கெனத் தனித் தீர்ப்பாயம் வேண்டுமென்றது. 1926இல் அரசு அமைத்ததோ ஆலோசனைக் குழு மட்டுமே. அது விசாரிக்கலாம், கருத்துரைக்கலாம், முடிவு அரசிடம். 1944இல் தென்னிந்திய இரயில்வேயும் அரசின் கைக்கு வந்தது. கூலி வாங்குபவரும் அரசே என்றான பின்னர், 1949இல்தான் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இரயில்வே கட்டணத் தீர்ப்பாயம் பிறந்தது.

அதற்கும் வேலி உண்டு. 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 36ஆம் பிரிவு, நியாயமற்ற கட்டணம் குறித்தும் ஒருவருக்குக் காட்டும் தகாத சலுகை குறித்தும் முறையிட வழி தருகிறது. அடுத்த பிரிவே கதவைப் பாதி சாத்திவிடுகிறது: எச்சரக்கு எவ்வகுப்பு என வகுத்தல், தாமதக் கட்டணம் விதித்தல், பார்சல், இராணுவச் சரக்கு ஆகியவற்றின் கூலியை நிர்ணயித்தல் முதலியவை தீர்ப்பாயத்தின் வரம்புக்கு அப்பாற்பட்டவை. கூலியைப் பெரிதும் தீர்மானிப்பது சரக்கின் வகுப்பு. அதையே கேள்வி கேட்க இயலாது! மிகையாகச் செலுத்திய கூலியைத் திரும்பக் கோருவது, 1989இல் செயற்படத் தொடங்கிய உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தின் பொறுப்பு. 2017இல் கட்டணத் தீர்ப்பாயமும் அதனுடன் இணைக்கப்பட்டது, வேலி அகலவில்லை.

சிலம்பில் பாண்டியனே நீதிபதி, அவனே பிரதிவாதி. ஆயினும் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என அவன் கண்ணகிக்கு வரம்பு கட்டவில்லை. அந்த அவையை நாம் இன்னும் நினைவில் வைத்திருப்பது அதனால்தானோ?