பாட்டு போட்டா வெயிட் லேசாகுமா? ஜிம்மில் இசை எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

சாயங்காலம் 7 மணி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் நேரம். ஜிம்களில் கூட்டம் சேர்வதும் அப்போதுதான். ஷட்டரைத் தூக்கியதும் ஃபேனுக்கு முன்னாடி ஸ்பீக்கர் ஆன் ஆகிவிடும். ஜிம்முக்குப் போக நேரமில்லாதவர்கள் வீட்டு ஹாலில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, பாட்டைப் போட்டுப் பயிற்சி செய்கிறார்கள்.

நாள் முழுக்க நின்று வேலை பார்த்த உடம்பு, பாட்டு இல்லாமல் அசையாது என்பார்கள் பலர். இது வெறும் நினைப்பா, இல்லை உண்மையிலேயே பலன் இருக்கா? இருக்கு. ஆனால் அதற்கு ஒரு எல்லையும் உண்டு. அந்த எல்லை தெரியாவிட்டால் முதுகு, காது, சில நேரம் உயிர் வரைக்கும் சிக்கல் வரலாம்.

பாட்டுக்கும் வேகத்துக்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கும் மேல். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் உள்ளரங்கில் நடந்த 6 நாள் சைக்கிள் பந்தயத்தை லியோனார்ட் அயர்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்து, 1911-ல் எழுதினார். பேண்டு வாத்தியம் வாசித்தபோது வீரர்களின் சராசரி வேகம் மணிக்கு சுமார் 31.5 கி.மீ. வாசிப்பு நின்றபோது சுமார் 28.8 கி.மீ.

காரணம் எளிமையானது. ஓடும்போது கால் வலி, மூச்சு வாங்கல், நெஞ்சுத் துடிப்பு என்று உடம்பு மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மூளையின் கவனமோ அளவானது. அதில் ஒரு பங்கைப் பாட்டு பிடித்துக்கொண்டால் களைப்பின் குரல் கொஞ்சம் சன்னமாகக் கேட்கும். செய்த வேலை அதேதான், செய்தவருக்குக் கஷ்டம் குறைந்தது போலத் தெரியும்.

பலன் எவ்வளவு?

ஆஸ்திரேலியாவின் பீட்டர் டெர்ரி தலைமையிலான குழு, 139 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசி 2020-ல் முடிவை வெளியிட்டது. பாட்டு கேட்டுப் பயிற்சி செய்தவர்களுக்கு மனநிலை நன்றாக இருந்தது, செயல்திறன் கூடியது, களைப்பு உணர்வு குறைந்தது. ஆனால் எல்லாமே சின்ன அளவில்தான். முக்கியமான விஷயம், இதயத் துடிப்பில் சொல்லிக்கொள்ளும்படி எந்தப் பலனும் தெரியவில்லை.

அதாவது பாட்டு உங்கள் களைப்பை மறக்கடிக்கிறது. உங்கள் இதயத்துக்கு அந்த மறதி கிடையாது.

எந்த வேகப் பாட்டு சரி?

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் பெயர் லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் கராகியோர்கிஸ். பெரும்பாலான கார்டியோ பயிற்சிகளுக்கு நிமிடத்துக்கு 120 முதல் 140 அடி விழும் தாளம் ஒத்துவரும் என்பது அவருடைய ஆய்வுகளின் சாரம். அதற்கு மேல் வேகம் கூட்டினால் பலனும் கூடும் என்று சொல்ல முடியாது.

உங்கள் பாட்டின் வேகத்தை ஆப் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். பாட்டைப் போட்டு, தாளத்தைத் தொடையில் தட்டி 15 விநாடி எண்ணுங்கள். வந்த எண்ணை 4-ஆல் பெருக்குங்கள். 30 அடி வந்தால் 120, 35 வந்தால் 140. நம்ம ஊர் குத்துப்பாட்டு பலவும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும்.

தாளத்தோடு காலும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. கராகியோர்கிஸ் குழுவின் 2012 ஆய்வில், சைக்கிள் மிதிப்பவர்கள் பாட்டின் தாளத்தோடு ஒத்து மிதித்தபோது, சற்று மெதுவான பொருந்தாத பாட்டுக்கு மிதித்ததைவிட சுமார் 7 சதவீதம் குறைந்த ஆக்சிஜனே செலவானது. எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலே கெப்ரெசெலாசி 1998-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் உள்ளரங்கில் 2,000 மீட்டர் உலக சாதனை படைத்தபோது, மைதான ஸ்பீக்கரில் ஓடியது 'ஸ்கேட்மேன்' பாட்டு. அதன் தாளத்துக்குத்தான் அவர் கால்கள் ஓடின.

நம்ம முன்னோருக்கு இது புதுசு இல்லை. கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்கள் பாடிய ஏற்றப்பாட்டு இரண்டு வேலை செய்தது. மிதிப்பவரையும் இறைப்பவரையும் ஒரே தாளத்தில் வைத்தது, இறைத்த சால் எத்தனை என்று கணக்கும் சொன்னது. இன்று ஜிம்மில் செட்டும் ரெப்பும் எண்ணுகிறோமே, அதே கணக்கு.

கனமான வெயிட் தூக்கும்போது?

இங்கேதான் பாட்டு பின்வாங்குகிறது. மிதமான வேகத்தில் நடக்கும்போதும் ஓடும்போதும் களைப்பு உணர்வைப் பாட்டால் குறைக்க முடியும். மூச்சு முட்டி, பேசக்கூட முடியாத கட்டத்தில் உடம்பின் சத்தம் பாட்டை அமுக்கிவிடுகிறது. அப்போது பாட்டு உற்சாகம் தரலாம், கஷ்டத்தைக் குறைக்காது.

இதற்கு வேலூரிலேயே உதாரணம் இருக்கு. சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்ட் போட்டியில் 317 கிலோவோடு மீண்டும் தங்கம்.

பளுதூக்கும் மேடையில் பெயர் அழைத்ததும் 1 நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கும். பாதி நேரம் ஆனதும் எச்சரிக்கை மணி அடிக்கும். தூக்கி நிறுத்திய பிறகு நடுவர் சிக்னல் வரும்வரை இறக்கக் கூடாது. அந்த நிமிடத்தில் வீரருக்குத் துணை பாட்டு இல்லை. மூச்சும், பிடியும், காதும்தான்.

உள்ளூர் ஜிம்முக்கும் இதே பாடம்தான். பெஞ்ச் பிரஸ், ஸ்குவாட் போன்ற கனமான செட்டில் இரண்டு காதிலும் இயர்பட்ஸ் போட்டால், "போதும், வை" என்று பின்னால் நிற்பவர் கத்துவது கேட்காது. பாட்டை வார்ம்-அப்பிலும், செட்டுக்கு நடுவே ஓய்விலும் கேளுங்கள். கம்பியைப் பிடித்ததும் காது ஃப்ரீயா இருக்கட்டும்.

கிரிக்கெட், சீரியல் பார்த்துக்கொண்டே செய்யலாமா?

நிற்கும் சைக்கிளில் ஒரே சீரான வேகத்தில் மிதிப்பதற்கு மேட்சோ சீரியலோ நல்ல துணை. 40 நிமிடம் போவதே தெரியாது. டிரெட்மில்லில் ஓடும்போது குனிந்து போனைப் பார்ப்பது ஆபத்து, கால் தடுமாறும். வெயிட் பயிற்சியில் திரையே வேண்டாம். இரண்டு செட்டுக்கு நடுவே 2 நிமிட ஓய்வு, ரீல்ஸ் பார்த்தால் 10 நிமிடமாகிவிடும்.

ஏற்கெனவே உழைத்த காது

தோல் பதனிடும் இடத்து டிரம்களின் இரைச்சலிலும், ஷூ கம்பெனி மெஷின்களின் சத்தத்திலும் 8 மணி நேரம் இருந்துவிட்டு வருபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய பகுதி இது. இந்தியத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு உச்ச வரம்பு 90 டெசிபல். ஆனால் பாட்டு கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு இன்னும் குறைவு. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்.

காதுக்கு வேலைச் சத்தம், ஜிம் சத்தம் என்ற பாகுபாடு கிடையாது. இரண்டும் ஒரே கணக்கில்தான் ஏறும். உட்காதில் உள்ள கேட்கும் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது.

கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் ஜிம்மில் சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறைக்கச் சொல்லலாம். வீட்டுக்கு வந்த பிறகும் காதில் ரீங்காரம் கேட்டால், அன்றைய சத்தம் அளவு மீறிவிட்டது. அடிக்கடி அப்படி வந்தால் காது டாக்டரைப் பார்ப்பது நல்லது.

வேலூர் வெயிலில் இன்னொரு எச்சரிக்கை

அக்னி நட்சத்திரம் சமயத்தில் வேலூர் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தகரக் கூரை போட்ட ஜிம்மில் சாயங்காலமும் அனல் அடங்காது. களைப்பை மறைக்கும் பாட்டு, வெப்பம் தரும் எச்சரிக்கையையும் மறைத்துவிடலாம். "இந்த ஒரு பாட்டு முடியட்டும்" என்று இழுப்பதுதான் இங்கே வம்பு.

தலைசுற்றல், குமட்டல், தலைவலி, திடீரென்று கை கால் துவளுதல் — இதில் ஒன்று வந்தாலும் பாட்டு பாதியில் இருந்தாலும் நிறுத்துங்கள். காற்றோட்டமான, நிழலான இடத்துக்கு வாருங்கள், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, தண்ணீர் குடியுங்கள். கூட இருப்பவர் குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ உடனே 108-க்கு அழையுங்கள், உடம்பைக் குளிர வைப்பதை நிறுத்தாதீர்கள்.

1 மணி நேரத்தை எப்படிப் பிரிக்கலாம்?

• முதல் 10 நிமிடம் வார்ம்-அப்: மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறும் பாட்டுகள்.

• அடுத்த 20 நிமிடம் கார்டியோ: 120 முதல் 140 அடித் தாளம், காலைத் தாளத்தோடு சேர்த்து வையுங்கள்.

• அடுத்த 20 நிமிடம் வெயிட்: ஓய்வில் மட்டும் பாட்டு, கனமான செட்டில் காது ஃப்ரீ.

• கடைசி 10 நிமிடம்: மெலடி. மூச்சு இறங்கட்டும்.

நடுவில் ஒரே ஒரு பாட்டு நேரம் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்து பாருங்கள். நாள் முழுக்க நின்ற கால் நிஜமாகவே எவ்வளவு களைத்திருக்கிறது என்று அந்த 4 நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்றைக்கு இன்னொரு செட் போடலாமா, வீட்டுக்குப் போய்த் தூங்கலாமா என்பதை அதை வைத்து முடிவு பண்ணுங்கள்.