லா போகாவின் கலர் வீடுகள்

பியூனஸ் அயர்ஸுக்குப் பரிமாற்றத் திட்டத்தில் போகும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரு நாள் லா போகாவைச் சுற்றுவார்கள். கலர் கலரான தகர வீடுகள். படம் எடுக்க அருமையான இடம்தான்!

19ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் துறைமுகத்தை ஒட்டிக் கட்டியவை இவை. ஓர் அறைக்கு ஒரு குடும்பம், கழிவறை பொது. கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்தான் சுவருக்கு என்பார்கள்.

ஆனால் எல்லோரும் படமெடுக்கும் 'கமினிதோ' சந்து தானாக அமைந்ததல்ல. கைவிடப்பட்ட ரயில் பாதை அது. மீட்டவர் ஓவியர் பெனிதோ கின்கெலா மார்த்தின். அநாதை இல்லத்தில் விடப்பட்ட குழந்தை, பிறகு துறைமுகத்தில் கரி சுமந்தவர். நண்பர் பிலிபெர்தோ 1926இல் இசையமைத்த டாங்கோவின் பெயரைத் தாங்கி, 1959இல் அது தெரு அருங்காட்சியகமானது.

பக்கத்துத் தெருக்களில் இன்றும் தகர வீடுகளில் குடும்பங்கள் வசிக்கின்றன. அங்கே போகாதீர்கள் என்றுதான் சுற்றுலா வருபவர்களிடம் சொல்கிறார்கள்.