தள்ளுவண்டியில் ஒரு நாட்டின் பெயர்

பாங்காக் நகரத் தெருவோரம். தள்ளுவண்டிக்காரர் ஊறவைத்த அரிசி நாடாவைச் சூடான இரும்புச் சட்டியில் போட்டு, முட்டையும் புளிக்கரைசலும் மீன் சாறும் சேர்த்துப் புரட்டுகிறார். மேலே வேர்க்கடலைத் தூள். சில நிமிடங்களில் பொட்டலம் உங்கள் கையில்! இவ்வளவு விரைவாக எப்படி முடிகிறது? அரைத்த அரிசிமாவை மெல்லிய ஏடாக ஊற்றி, ஆவியில் வேகவைத்து, நாடாவாக நறுக்கி உலர்த்தியிருக்கிறார்கள். பாதி வேலை முன்பே முடிந்துவிட்டது.

இதன் பெயர் 'பாட் தாய்'. 'தாய் வறுவல்' என்று பொருள். (இந்தத் 'தாய்' அன்னை அல்ல, நாடு.) அன்றாடச் சோற்றுக்கு யாரேனும் தம் நாட்டின் பெயரைச் சூட்டுவார்களா? இதற்கு மட்டும் ஏன்?

அரிசி நாடாவும் அதை வறுக்கும் முறையும் சீனக் குடியேறிகள் கொண்டுவந்தவை. முழுப்பெயரின் முதற்சொல்லான 'குவாய்தியாவ்' சீனச் சொல்லே. வேர்க்கடலையோ தென் அமெரிக்காவின் செடி!

1938இல் பிபுன் சொங்கிராம் பிரதமரானார். 1939இல் சயாம் 'தாய்லாந்து' ஆயிற்று. மக்கள் எதை உடுத்த வேண்டும் என்பதற்குக்கூட அரசாணை பிறந்தது. உலகப்போரும் 1942ஆம் ஆண்டு வெள்ளமும் நெருக்கியபோது, நாடா உணவை உண்ணுங்கள், நீங்களே விற்கவும் செய்யுங்கள் என்று அரசு மக்களைத் தூண்டியது. பாட் தாய் பரவியது இந்தச் சூழலில்தான்.

அதே அரசுதான் சீனப் பள்ளிகளை மூடியது. சில தொழில்களைத் தாய்லாந்தியருக்கு மட்டும் என்று ஒதுக்கியது. சீனரின் சட்டி வேண்டியிருந்தது. சட்டி பிடித்த கைதான் வேண்டாததாயிற்று.